வீட்டிலேயே முதுமை: ஆனால் வீடு எங்கே?

(சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றியும் போனஸைப் பற்றியும் நாம் பேசாத மாதம் இல்லை. இன்று பேசவேண்டியது உழைத்து ஓய்ந்த பிறகு வரும் காலத்தைப் பற்றி. கொழுந்து பறித்த கையும், மூட்டை சுமந்த தோளும், தண்டவாளத்தில் கல் கொட்டிய முதுகும் ஒருநாள் ஓய்ந்துபோகும். அன்று நம்மைப் பார்ப்பது யார்? எங்கே வைத்துப் பார்ப்பது? அதற்கான செலவு யாருடையது?

நம் பெரியவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான். "இருக்கிற இடத்திலேயே இருந்து கண்ணை மூடணும்." முதியோர் இல்லமும் வேண்டாம், ஆஸ்பத்திரி வராந்தாவும் வேண்டாம். இந்த ஆசை நியாயமானது. உலகத்தில் பல அரசாங்கங்கள் இதை ஒரு உரிமையாகவே ஏற்றுக்கொண்டு விட்டன. ஜப்பானில் 2000 ஏப்ரலில் ஒரு காப்பீட்டுத் திட்டம் வந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். 65 வயதுக்குமேல் உதவி தேவைப்பட்டால் ஆள் வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகிறார். திட்டத்தின் செலவில் ஏறக்குறைய பாதி அரசின் வரிப்பணம். ஆஸ்திரேலியாவில் 2025 நவம்பர் 1 முதல் புதிய சட்டத்தின் கீழ் வீட்டுப் பராமரிப்புத் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது.

அவை பணக்கார நாடுகள், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் கேரளமே இந்தத் துறையில் இந்தியாவுக்கு வழிகாட்டிய மாநிலம். அந்த வழி நம் லயத்து வாசல்வரை வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேரளம் செய்தது என்ன?

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில டாக்டர்கள் சேர்ந்து, குணப்படுத்த முடியாத நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சிறிய கிளினிக் தொடங்கினார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, ஆஸ்பத்திரிதான் அவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதை அவர்கள் சீக்கிரமே உணர்ந்தார்கள். அந்தந்த ஊர்க்காரர்களையே பழக்கி, அக்கம்பக்கத்தவரே பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை மலபார் பகுதியில் வளர்த்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவித்த முதல் மாநிலம் இதுதான்.

அதன்படி பஞ்சாயத்து தன் திட்ட நிதியிலிருந்து பணம் ஒதுக்கி, பயிற்சி பெற்ற ஒரு பாலியேட்டிவ் நர்ஸை நியமிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பில் அவர் வண்டியில் வீடுவீடாகப் போகிறார். கூடவே ஆஷா தோழியரும் வார்டு மெம்பரும் போவதுண்டு. படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுவார். மூத்திரக் குழாயை மாற்றுவார். ரத்த அழுத்தம் பார்ப்பார். படுத்திருப்பவரை எப்படிப் புரட்டுவது, எப்படிக் குளிப்பாட்டுவது என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பார். புற்றுநோய்க்காரர்களுக்கு என்று தொடங்கியது, இன்று பக்கவாதம் வந்தவருக்கும் மூப்பினால் எழ முடியாதவருக்கும் சேர்ந்து நடக்கிறது.

தோழர்களே, இது தர்மம் அல்ல. நாம் வாங்கும் தீப்பெட்டியிலும் சோப்பிலும் வரி இருக்கிறது. அந்தப் பணத்தில்தான் அந்த நர்ஸின் வண்டி ஓடுகிறது.

திட்டம் மலையேறும் வேகம்

சமவெளியில் ஒரு நர்ஸ் ஒரே நாளில் பல வீடு பார்க்கலாம். மூணாறு, தேவிகுளம், வட்டவடை, மறையூர்ப் பக்கம் என்ன நிலைமை? ஒரு டிவிஷனுக்கும் அடுத்த டிவிஷனுக்கும் நடுவே மலை கிடக்கிறது. ஜீப் போகாத இடமும் உண்டு, மழைக்காலத்தில் பாதையே இல்லாத இடமும் உண்டு. சமவெளிப் பஞ்சாயத்துக்கும் மலைப் பஞ்சாயத்துக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், முறை வருவதற்குள் புண் முற்றிவிடும்.

65 வயது கடந்தவர்களுக்கு இலவச மருந்தும் நடமாடும் கிளினிக்கும் தரும் 'வயோமித்ரம்' நல்ல திட்டம். ஆனால் அது நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளை மனதில் வைத்து உருவானது. பாலக்காடு நகரத்துப் பெரியவருக்குக் கிடைக்கும். எஸ்டேட்டும் வயலும் நகரத்துக்குள் இல்லையே!

2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டைத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் அந்தப் பணம் பேசும். வீட்டில் மூன்று வருஷமாகப் படுத்திருப்பவருக்கு அதில் ஒரு துணி மாற்றக்கூட வழியில்லை.

இன்னொன்று மொழி. வலி வந்தவன் தன் தாய்மொழியில்தான் முனகுவான். நர்ஸ் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டின் குறிப்பு மலையாளத்தில் இருந்தால், காலையில் போடவேண்டிய மாத்திரையை இரவில் போடும் ஆபத்து உண்டு. நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தரப்படவேண்டும் என்று சொல்கிறது. அரை நூற்றாண்டு தாண்டிய சட்டம் இது. நாம்தான் அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

வீடு யாருடையது?

வீட்டிலேயே முதுமையைக் கழிக்கவேண்டும் என்றால், முதலில் வீடு வேண்டும்.

தோட்டத் தொழிலாளிக்கு லயம் என்பது வேலையோடு ஒட்டிய கூரை. 58 வயதில் பெயர் வெட்டப்பட்டால் கூரையும் வெட்டப்படுகிறது. பிள்ளையோ மருமகளோ அதே எஸ்டேட்டில் பெயர் பதிந்திருந்தால் அவர்கள் நிழலில் ஒண்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் லயத்தைக் காலி செய்த பிறகுதான் கிராஜுவிட்டி என்று பல இடங்களில் நிறுத்தி வைக்கிறார்கள். கிராஜுவிட்டி, 1972ஆம் ஆண்டின் சட்டம் நமக்குக் கொடுத்த பணம். அதையே பூட்டாக மாட்டி நம்மை வெளியே தள்ளுகிறார்கள். மூன்று தலைமுறையாக அந்த மண்ணைப் பண்படுத்தியவருக்கு அங்கே ஆறடி நிலம்கூடச் சொந்தமில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டபோது, அந்த வீடுகள் எப்படிப்பட்டவை என்பதை நாடே பார்த்தது.

ரயில்வேக்காரர்களாகிய எங்களுக்கும் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை விட்டு இறங்கத்தான் வேண்டும். 2004க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனும் இல்லை. ஆனாலும் ஓய்வுக்குப் பின் ரயில்வே ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கோ பெயர் வெட்டிய மறுநாளே எஸ்டேட் ஆஸ்பத்திரியின் கதவும் சாத்தப்படுகிறது. பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014இல் மாதம் 1000 ரூபாய் என்று வைத்தார்கள். அரசின் முதியோர் பென்ஷன் 60 வயதில்தான் தொடங்கும். அது 2025 நவம்பர் முதல் 2000 ரூபாய் ஆனது. 58க்கும் 60க்கும் நடுவே இரண்டு வருஷம் என்ன சாப்பிடுவது?

அந்தப் பென்ஷனில் மத்திய அரசின் பங்கையும் சொல்லிவிடுகிறோம். 80 வயதுக்குக் கீழே உள்ள ஏழை முதியவருக்கு மாதம் 200 ரூபாய். 2007இலும் அதே 200தான். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. ஒரு டீக்கே பற்றாது!

இரண்டு மாநிலத்துக்கு நடுவே

"ஊருக்கே போய்விடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். எந்த ஊர்? தாத்தா கம்பத்திலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ மலையேறினார். பேரனுக்கு அங்கே தெருப் பெயர்கூடத் தெரியாது.

எல்லைக்கு அப்பால் ஒரு நல்ல ஏற்பாடு நடப்பதையும் மறைக்கவேண்டாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. படுத்திருப்பவருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் பெற்றது.

ஆனால் நம் நிலைமை என்ன? ரேஷன் கார்டு ஒரு பக்கம், ஓட்டு இன்னொரு பக்கம், ஆதாரில் மூன்றாவது விலாசம். இரண்டு மாநிலமும் "நீ அந்தப் பக்கத்து ஆள்" என்று சொல்ல வசதியாக நாமே வழி செய்து கொடுக்கிறோம். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்திலும் இதே சங்கடம்தான். பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும். பென்ஷனுக்கான மஸ்டரிங் எப்போது என்று சொல்லக்கூட ஆளில்லை. எந்தப் பக்கம் முதுமையைக் கழிக்கப் போகிறோம் என்று 55 வயதிலேயே குடும்பமாக உட்கார்ந்து முடிவுசெய்து, காகிதங்களை எல்லாம் ஒரே விலாசத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பார்த்துக்கொள்ளும் கை

"பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. அதற்கு அரசாங்கத்தைக் கேட்பது வெட்கம் இல்லையா?" என்று நம் தோழர்களே கேட்பதுண்டு.

கடமைதான், மறுக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கைவிட்ட பிள்ளைமீது தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் ஜீவனாம்சம் வாங்கித் தருவார்கள். ஆனால் தினக்கூலி மகனிடமிருந்து தீர்ப்பாயம் எதைப் பிடுங்கிக் கொடுக்கும்? நடைமுறையில் அந்தக் கடமை மருமகள் தலையிலோ மகள் தலையிலோதான் விழுகிறது. மாமியார் படுத்துவிட்டால் அவள் வேலைக்குப் போகமுடியாது. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. இப்படிப் படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் பார்ப்பவருக்குக் கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்று மாதம் 600 ரூபாய் வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு 20 ரூபாய்! ஒரு பெண்ணின் முழு நாள் உழைப்புக்கு அரசு போட்ட விலை அது.

வீட்டுக்கு வரும் ஆஷா தோழியர் நிலையும் அதுதான். 2025 பிப்ரவரி 10 முதல் மாதக்கணக்கில் தலைமைச் செயலகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். 7000 ரூபாய் மதிப்பூதியத்தை 21000 ஆக்கக் கேட்டார்கள். அக்டோபர் கடைசியில் அறிவித்த உயர்வு 1000 ரூபாய். பார்த்துக்கொள்ளும் கை பட்டினி கிடந்தால், படுத்திருப்பவருக்கு அந்தக் கை எப்படி வந்து சேரும்? அவர்கள் கோரிக்கையை நம் முதியவர்களின் கோரிக்கையாகவே நாம் எடுத்துக்கொள்ளவேண்டும்.

கேட்கவேண்டியவை

1. மலைப் பஞ்சாயத்துகளில் பாலியேட்டிவ் நர்ஸ்களின் எண்ணிக்கையைத் தூரத்தைக் கணக்கிட்டு நிர்ணயிக்கவேண்டும். எஸ்டேட் டிவிஷன்களுக்குத் தனி வண்டி வேண்டும்.

2. தமிழர் வாழும் வார்டுகளில் தமிழ் தெரிந்த நர்ஸும் ஆஷாவும் வேண்டும். மருந்துக் குறிப்பும் விண்ணப்பமும் தமிழில் வேண்டும்.

3. வயோமித்ரம் எஸ்டேட்டுகளுக்கும் எல்லைக் கிராமங்களுக்கும் வரவேண்டும்.

4. கிராஜுவிட்டியை லயத்தோடு முடிச்சுப் போடுவது நிற்கவேண்டும். லைஃப் திட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கு நிலமும் வீடும் தரவேண்டும்.

5. பராமரிப்பவருக்கான 600 ரூபாயை, அவர் இழக்கும் கூலியைப் பார்த்து உயர்த்தவேண்டும்.

2025 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் மூத்த குடிமக்களுக்கென ஒரு ஆணையம் அமைக்கச் சட்டம் நிறைவேற்றியது. இந்தக் கோரிக்கைகளைத் தமிழிலேயே எழுதி அந்த ஆணையத்துக்கும் அனுப்புவோம்.

ஆனால் முதல் வேலை நம் வார்டில்தான். 2025 டிசம்பரில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இன்று மெம்பர்களாக இருக்கிறார்கள். முதியோருக்கும் பாலியேட்டிவுக்கும் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நாம் போகாத கிராம சபையில் நமக்கு ஒதுக்கீடு எழுதப்படாது.

இந்த மாதமே ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடவேண்டும். எந்த லயத்தில், எந்தத் தெருவில் யார் படுத்திருக்கிறார், யார் பார்க்கிறார், நர்ஸ் கடைசியாக வந்தது எப்போது, பென்ஷன் வருகிறதா என்று வீடுவீடாகப் போய் எழுதுங்கள். இளைஞர்கள் எழுதட்டும், தாய்மார்கள் கூடப் போகட்டும். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் அடுத்த கிராம சபையில் பேசவேண்டும். கணக்கோடு போனால் பதில் சொல்லியே தீரவேண்டும்.