ஜாவா நிரலும் காத்திருக்கும் நேரமும்



கணிப்பொறி மிக விரைவாக வேலை செய்யும் இயந்திரம் என்று எல்லோரும் சொல்லுகிறோம். ஆனால் அதற்கு நிரல் எழுதுகிறவரின் அருகே ஒரு நாள் அமர்ந்து பார்த்தால், அவர் அந்த இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் நேரமும் சிறிதன்று என்பது தெரியவரும். ஜாவா மொழியில் இணையத்துக்கான நிரல்களை ஆக்குவோர்க்கு இத்தொல்லை சற்று மிகுதி. அது ஏன் நேருகிறது, அதைக் குறைப்பது எப்படி என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜாவா, 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட மொழி. அதை உருவாக்கியோருள் முதன்மையானவர் ஜேம்ஸ் காஸ்லிங். நாம் எழுதும் ஜாவா நிரல் நேராக இயந்திரத்தின் மொழியாக மாறிவிடுவதில்லை. கம்பைலர் அதனைப் பைட்கோடு என்னும் இடைநிலை வடிவமாக்கி, கிளாஸ் கோப்புகளில் வைக்கிறது. ஜாவா மெய்நிகர்ப் பொறி என்னும் வேறொரு நிரல் அக்கோப்புகளைப் படித்து இயக்குகிறது. பலவகைக் கணிப்பொறிகளிலும் ஒரே நிரல் ஓடுகின்ற நன்மை இதனால் வந்தது. தொடங்கும்போது காணும் சுணக்கமும் ஓரளவு இதனாலேயே வந்தது.

இணைய நிரல் என்றால் இன்னும் சில படிகள் உண்டு. கிளாஸ் கோப்புகளையும், பிறர் எழுதிய நூலகக் கோப்புகளையும், பக்கங்களையும், படங்களையும் வார் கோப்பு என்னும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட் போன்ற சர்வரை நிறுத்தி, மூட்டையை அதனிடம் கொடுத்து, மறுபடியும் தொடங்க வேண்டும். பிறகு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்து, நாம் திருத்திய பக்கத்தைத் தேடிச் செல்ல வேண்டும். திருத்தியதோ ஒரே ஒரு வரியாக இருக்கலாம்! ரசத்தில் உப்புக் குறைந்தால் நம் வீட்டில் ஒரு சிட்டிகை சேர்த்துக் கலக்குகிறார்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கழுவி, புளி கரைப்பதிலிருந்து தொடங்குவார் உண்டோ? ஜாவா இணைய நிரலாசிரியர் நாள்தோறும் செய்வது ஏறத்தாழ அதுதான்.

ஒரு திருத்தத்தைச் செய்து விளைவைப் பார்க்க 90 விநாடி ஆவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 திருத்தம் என்றால் 3,600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம் காத்திருப்பிலேயே கழிகிறது. ஆனால் நான் அஞ்சுவது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டுமன்று. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் மில்லர் 1968இல் எழுதிய ஆய்வுரையில், கணிப்பொறி இரண்டு விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் மனிதனின் சிந்தனைத் தொடர் குலையத் தொடங்குகிறது என்றும், 15 விநாடிக்கு மேற்பட்டால் அதனை உரையாடல் என்றே கொள்ள இயலாது என்றும் வாதித்தார். காத்திருக்கும் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. போன மனம் திரும்பி வந்து, நாம் எதைச் சோதித்துக்கொண்டிருந்தோம் என்று நினைவுகூர மேலும் சிறிது நேரம் செல்லுகிறது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் விலை அதிகமென்று கண்ட மாணவர், ஐந்தாறு திருத்தங்களைச் சேர்த்துச் செய்துவிட்டு ஒரே முறையில் சோதிக்கத் தலைப்படுகிறார். அப்போது பிழை தோன்றினால், அது எந்தத் திருத்தத்தால் வந்தது என்பது தெரியாமற்போகிறது. கல்லூரி ஆய்வுக்கூடத்துப் பழைய இயந்திரத்தின் முன் இப்படி இரண்டு மாலைப்பொழுது தவித்தவர், மூன்றாம் நாள், ‘இந்தக் கலை எனக்கு வராது’ என்று தம்மைத்தாமே தள்ளிவைத்துவிடுகிறார். வராதது கலையன்று; பதில்தான் நேரத்துக்கு வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? புதிய கணிப்பொறி வாங்க வேண்டும் என்பதே பலருக்கு முதலில் தோன்றும் எண்ணம். அதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். நாம் சொன்ன 90 விநாடியில் கம்பைலருக்கு 9, மூட்டை கட்டுவதற்கு 11, சர்வர் தொடங்குவதற்கு 55, உள்ளே நுழைந்து பக்கத்தை அடைய 15 என்று பிரிந்திருக்கட்டும். கம்பைலரைப் பத்து மடங்கு விரைவுபடுத்தினாலும் மிச்சமாவது 8 விநாடிதான். 82 விநாடி அப்படியே நிற்கும். ஒரு வேலையின் சிறிய பகுதியை எவ்வளவு விரைவாக்கினாலும் முழு வேலையின் விரைவு அந்த அளவிலேயே கட்டுப்பட்டு நிற்கும் என்னும் இக்கருத்தை, பல செயலிகளைச் சேர்த்து இயக்குவது தொடர்பாக, ஜீன் அம்தால் 1967இல் எடுத்துக்காட்டினார். கணக்குப் புத்தகத்தின் பின்ன வகுப்புக்கு மேற்பட்ட கணிதம் இதில் ஒன்றுமில்லை. ஆயினும் இதை மறந்து செலவழிக்கப்பட்ட பணம் கொஞ்சமன்று.

அளப்பதும் கடினமன்று. மூட்டை கட்டித் தரும் மேவன் தன் வேலையின் முடிவில் மொத்த நேரத்தைத் தானே அச்சிடுகிறது. டாம்கேட்டும் தொடங்கி முடிந்தவுடன் எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று எழுதுகிறது. இடையில் எங்கேயோ அசையாமல் நிற்பதாகத் தோன்றினால், ஜாவாவுடன் சேர்ந்தே வரும் ஜேஸ்டாக் என்னும் சிறு கருவியால், அந்நொடியில் ஒவ்வோர் இழையும் எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்கலாம். சில விநாடி இடைவெளியில் மூன்று நான்கு முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் தென்பட்டால் கள்வன் அகப்பட்டான்.

அகப்படும் கள்வர்களுட் சிலர் மிக வியப்பானவர்கள். ஒருவனைச் சொல்லுகிறேன். உள்ளே நுழையும் ஒவ்வொரு பயனருக்கும் பிறரால் ஊகிக்க இயலாத ஓர் அமர்வு எண்ணைச் சர்வர் தர வேண்டும். அத்தகைய எண்ணை உண்டாக்க, ஒழுங்கற்ற நிகழ்ச்சிகள் சில தேவை. லினக்ஸ் இயங்குதளம் விசை அழுத்தங்களின் இடைவெளி, வட்டின் அசைவு முதலியவற்றிலிருந்து அவ்வொழுங்கின்மையைத் திரட்டி வைக்கிறது. யாரும் தொடாமல் ஒரு மூலையில் இருக்கும் சர்வரில் விசையை அழுத்துவார் யார்? திரட்டு வற்றிப்போகும். டாம்கேட்டோ அது நிரம்பும்வரை வாளாவிருக்கும். செயலிக்கு வேலையில்லை, நினைவகத்துக்கு நெருக்கடியில்லை, ஆயினும் சர்வர் தொடங்கவில்லை! இந்நிலையில் ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் புதிய செயலி வாங்கினாலும் அதுவும் சேர்ந்து காத்திருக்குமே தவிர வேறொன்றும் நடவாது. காத்திராமல் எண் தருகின்ற மற்றொரு வாயிலைச் சுட்டும் ஒரு வரியே இதற்கு மருந்து. 2020இல் வந்த லினக்ஸ் 5.6 பதிப்பில், முதலில் ஒருமுறை திரட்டு நிரம்பிய பிறகு இவ்வாறு தடுத்து நிறுத்தும் வழக்கத்தையே நீக்கிவிட்டார்கள். பழைய இயங்குதளம் உள்ள இடங்களில் இன்னும் இதை நினைவில் வைப்பது நல்லது.

இன்னொன்று, நூலகக் கோப்புகளைத் துழாவுவது. 2009இல் வெளிவந்த செர்வ்லெட் 3.0 விதிமுறை, நிரலின் அமைப்பைத் தனிக் கோப்பில் எழுதாமல் கிளாஸ்களின் மேலேயே குறித்துவைக்க இடமளித்தது. எழுதுகிறவருக்கு வசதிதான். ஆனால் எந்தக் கிளாஸில் குறிப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சர்வர் எல்லா நூலகங்களையும் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. நூறு நூலகம் இருந்தால் நூறையும் ஒவ்வொரு தொடக்கத்திலும் துழாவும். இவற்றில் குறிப்பு ஒன்றும் இல்லை, தாண்டிப் போ என்று பட்டியல் கொடுக்கலாம். டாம்கேட் அதற்குக் கட்டுப்படும். தேவையற்ற நூலகங்களை நீக்கிவிடுவது அதனினும் சிறந்தது. விண்டோஸ் கணிப்பொறியில் நச்சுநிரல் தடுப்பானும் இத்துழாவலில் சேர்ந்துகொண்டு, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் சோதிக்கிறது. அதை முழுவதும் அணைத்துவிடச் சொல்பவரின் பேச்சைக் கேளாதீர்கள். நம் நிரல் இருக்கும் கோப்புறைக்கு மட்டும், அதுவும் உரியவரின் இசைவு பெற்று, விலக்கு அளித்தல் போதும். 2023இல் விண்டோஸ் 11இல் சேர்க்கப்பட்ட டெவ் டிரைவ் என்னும் தனிப் பகுதி இந்நோக்கத்துக்காகவே அமைந்தது.

இனி, சர்வரை நிறுத்தாமலே திருத்தத்தை உள்ளே செலுத்த முடியாதா என்ற கேள்விக்கு வருவோம். முடியும், ஆனால் ஒரு தடை உண்டு. மெய்நிகர்ப் பொறி கிளாஸ்களை ஏற்றும் பொறுப்பைக் கிளாஸ்லோடர் என்பதிடம் ஒப்படைக்கிறது. அது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் போன்றது. மையால் எழுதிய ஒரு பெயரைத் தனியே அழிக்க இயலாது. மாற்ற வேண்டுமானால் பதிவேட்டையே தூக்கிவைத்துவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டும். 2002இல் வந்த ஜாவா 1.4, பிழைதேடும் நிலையில் ஓடும் நிரலில் ஒரு செயல்முறையின் உட்பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ள வழி செய்தது. புதிய செயல்முறையையோ புதிய புலத்தையோ சேர்க்க அதில் இடமில்லை. எஸ்டோனியாவில் தோன்றிய ஜேரெபெல், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பிறந்த டி.சி.இ.வி.எம். ஆகியவை அத்தடையைத் தளர்த்த எழுந்தவை.

ஸ்பிரிங் பூட் கையாண்ட உபாயம் இவற்றினும் எளியது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. 2015 நவம்பரில் வந்த அதன் 1.3 பதிப்பில் டெவ்டூல்ஸ் என்னும் துணைக்கருவி சேர்ந்தது. அது இரண்டு பதிவேடுகளை வைத்துக்கொள்கிறது. மாறாத நூலகங்களெல்லாம் தடித்த பதிவேட்டில். நாம் எழுதும் சில கிளாஸ்கள் மெல்லிய பதிவேட்டில். திருத்தம் நேர்ந்தால் மெல்லியது மட்டும் மாற்றப்படுகிறது. இம்முறைகளில் ஓர் இடரும் உண்டு. தூக்கிவைத்த பழைய பதிவேட்டை ஏதேனும் ஓர் இழை விடாமல் பற்றிக்கொண்டிருந்தால் அது நினைவகத்திலேயே தங்கிவிடும். பத்துப் பதினைந்து முறை இப்படியானால் இடம் நிரம்பிப்போகும். அப்போது ஒருமுறை முழுமையாக நிறுத்தித் தொடங்குவதில் வெட்கமில்லை.

மூட்டை கட்டும் வேலையைப் பற்றி மிகுதியாகச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் முந்தைய விளைவுகளையெல்லாம் துடைத்துவிட்டுத் தொடங்கும் பழக்கத்தை விட்டாலே பாதிச் சுமை குறையும். கிரேடில் என்னும் கருவி, வேலை முடிந்தும் மறையாமல் பின்னணியில் விழித்திருந்து அடுத்த கட்டளைக்கு உடனே எழும். 2016இல் வந்த அதன் 3.0 பதிப்பு முதல் இதுவே இயல்பான நிலை. நினைவகத்தைக் குறைவாக ஒதுக்கியிருந்தால் மெய்நிகர்ப் பொறி குப்பை கூட்டுவதிலேயே காலத்தைப் போக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் செய்தும் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது வேறொன்று. வட்டி கணக்கிடும் பகுதியைச் சோதிக்கச் சர்வர் எதற்கு? பக்கத்தைக் காட்டும் பகுதியும் கணக்குப் போடும் பகுதியும் பின்னிக் கிடந்தால்தான் அதன் உதவி வேண்டியிருக்கும். இரண்டையும் பிரித்து எழுதிவிட்டால், ஜேயூனிட் போன்ற சோதனைக் கருவியைக் கொண்டு, கணக்கை மட்டும் ஓரிரு விநாடியில் சோதிக்கலாம். 55 விநாடியை 30 ஆக்குவது கருவியின் திறம். அந்த 55 விநாடியே வேண்டாதபடி செய்வது எழுதுகிறவரின் திறம்.

ஜாவாவை வளர்ப்போரும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை ஓடியபோது ஏற்றிப் பிணைத்த கிளாஸ்களை அப்படியே சேமித்து, அடுத்த முறை எடுத்துக்கொள்ளும் வசதி 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24இல் சேர்ந்தது. பெட்கிளினிக் என்னும் மாதிரி நிரல், தொடங்கும்போது ஏறத்தாழ 21,000 கிளாஸ்களை ஏற்றுவது. முந்தைய பதிப்பில் அது எழ 4.486 விநாடி ஆயிற்று, இவ்வசதியுடன் 2.604 விநாடி என்று அவ்வசதியை அமைத்தவர்களே குறித்திருக்கிறார்கள். இதற்காக நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. முதலில் ஒருமுறை பயிற்சியாக ஓட்டிச் சேமித்துக்கொள்ள வேண்டும்; நூலகங்களை மாற்றினால் அப்பயிற்சியை மறுபடியும் நடத்த வேண்டும்.