கடை பக்கம், கரை தூரம்

போதை பட்டணத்து வியாதி, கிராமம் வெள்ளந்தி என்று ஒரு பேச்சு உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். இந்திய ஆண்களில் குடிப்பவர்கள் நகரத்தில் நூற்றுக்குப் 16, 17 பேர். கிராமத்தில் 20 பேர். புகையிலையில் நகரம் 29, கிராமம் 43! பட்டணத்துப் பிள்ளை மாத்திரையோடு பிடிபட்டால் தொலைக்காட்சியில் நான்கு மேதாவிகள் கோட்டு மாட்டி விவாதிக்கிறார்கள். கிராமத்துக் கூலிக்காரன் ஈரல் கெட்டுச் செத்தால் ‘வயித்து வலி’ என்று கதை முடிகிறது. நகரத்துப் போதைக்குச் செய்தி, கிராமத்துப் போதைக்குச் சங்கு!

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. நல்ல தீர்ப்புதான். சாலையில் மூடிய கடை எங்கே போனது? ஊருக்குள் வந்தது! 2017இல் அதை மறித்துத் தெருவில் உட்கார்ந்தவர்கள் யார்? தாய்மார்கள். தட்டுங்கள் கையை, அவர்களுக்காக! அதற்கும் முன்னால், 2015இல், ஒரு கடையை அகற்றச் சொல்லிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறி உயிரையே விட்டாரே ஒரு காந்தியவாதி, அவர் பெயரை நான் சொல்ல வேண்டுமா?

‘கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்’ என்கிறார்கள். தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. ஆனால் 2023இல் எக்கியார்குப்பத்திலும், 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சாவு விழுந்தபோது கடை திறந்துதானே இருந்தது? கடை விலை கட்டாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போனான், அதில் மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள்! மெத்தனால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. அன்றைக்கு ஆம்புலன்ஸ்கள் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஓடின. ஆக, பூட்டு மட்டும் போதாது, தூரமும் கொல்கிறது.

‘குடிகாரனுக்கு எதற்கு மருத்துவம், மனசு வைத்தால் விடலாமே’ என்பார்கள். குடிநோய்க்கு மனசு மட்டும் மருந்தாகாது. நெடுநாள் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், பிதற்றல் வரும்; சாகவும் கூடும். நகரத்தில் மனநல மருத்துவர் ஆட்டோ தூரத்தில் இருக்கிறார். கிராமத்தானுக்கு ஒரு நாள் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. அடுத்த வாரமும் வா என்றால் அவன் வருவானா? ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதற்கு மருந்தும் ஆலோசகரும் வேண்டும் என்று கேட்பது அதனால்தான். கோபுரத்தில் ஏறிய அந்த மனிதர் கடையை அகற்று என்றார். அவர் நின்ற இடத்தில் நின்று நாம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: கடை வந்த தெருவுக்கு வைத்தியமும் வரட்டும்!