முடித்த கூந்தலும் முடிக்கும் கையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு என்பது திரும்பிப் பார்க்கும் பொழுது. பழைய ஒளிப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, 'அன்று இப்படியா இருந்தோம்' என்று வியக்கும் பொழுது. அவ்வாறு பார்க்கின்றவர் கண் முதலில் சென்று தங்குவது பெரும்பாலும் தலைமுடியில்தான். படம் எக்காலத்தில் எடுக்கப்பெற்றது என்பதை உடையைக் காட்டிலும் விரைவாக அது சொல்லிவிடும். இரட்டைப் பின்னலும் நாடாவும் ஒரு காலத்தைக் காட்டும்; காதை மறைத்து இறங்கிய கிருதா மற்றொரு காலத்தைக் காட்டும்.

ஐம்பது வயதை எட்டிய ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். தன் இருபதாம் வயதுப் படம் ஒன்றை அவள் கண்டெடுக்கிறாள். அதில் ஒருபுறம் சாய்ந்த கொண்டை. அதனைச் சுற்றி மல்லிகைச் சரம். பின்னாளில், பணிக்கு விரையும் காலைப் பொழுதுகளில், கொண்டை ஒற்றைப் பின்னலாயிற்று. பின்னல் குறுகிக் 'கிளிப்'புக்குள் அடங்கிற்று. பின்னர்ப் புற்றுநோய்க்கு எடுத்துக்கொண்ட மருந்தால் முடி முழுதும் உதிர்ந்து, மெல்ல மீண்டும் வளர்ந்தது. தோளளவு வளர்ந்த அந்த முடியை, இப்போது கண்ணாடி முன் நின்று, படத்தில் உள்ளவாறே முடிக்க முயல்கிறாள். கை அம்முறையை மறக்கவில்லை. ஆனால், கைப்பிடிக்குள் அடங்குமளவு முடி இல்லை. சவுரி வைத்துக்கொள்ளுமாறு தமக்கை சொல்கிறாள். இந்த வயதில் இது எதற்கு என்கிறார் கணவர். அப்படியே குட்டையாக விட்டுவிடு அம்மா, அதுதான் அழகு என்கிறாள் மகள். மூவரும் அன்பினால்தான் சொல்கின்றனர். எனினும், அந்தத் தலை எவருடையது என்னும் வினா அங்கே எழுந்துவிடுகிறது. தமிழிலக்கியத்துக்கு இவ்வினா புதிதன்று.

பெண்ணின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று பெயரிட்ட மொழி தமிழ். ஐந்து வகையாக முடிக்கப்பெறுவது என்று அதற்குப் பொருள் கூறுவர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஒரு நிரல் உண்டு. குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என இன்னொரு நிரலும் உண்டு. உச்சியில் முடிப்பது முடி, பக்கத்தே முடிப்பது கொண்டை, பின்னே செருகுவது சுருள், முடிந்துவிடுவது குழல், பின்னிவிடுவது பனிச்சை என்பது ஒரு விளக்கம். திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் சாய்ந்த கொண்டையைக் கண்டவர்க்குப் 'பக்கத்தே முடிப்பது' என்பது உடனே விளங்கும். நிரல்கள் தம்முள் மாறுபடுவதும் கருதத்தக்கது. காலந்தோறும் கோலம் மாறியிருக்கிறது; அவ்வக் காலத்தார் தம் கண்முன் கண்ட கோலத்தைக் கொண்டு பழைய பெயருக்குப் பொருள் கண்டனர் எனக் கருத இடமுண்டு.

அச்சொற்களுள் இன்று வீட்டு வழக்கில் பழைய பொருளோடு வாழ்வது கொண்டை ஒன்றே எனலாம். முடி, மயிரின் பொதுப்பெயராகிவிட்டது. சுருள், இயல்பாகச் சுருண்டதைக் குறிக்கலாயிற்று. குழல் பாட்டில் மட்டும் கேட்கிறது. பனிச்சைக்கு அகராதி வேண்டும். ஒரு கோலம் மறையும்போது அதன் பெயரும், அதனை முடிக்கத் தெரிந்த கையின் அறிவும் உடன் மறைகின்றன.

கூந்தல் ஒன்றைக் கொண்டே ஒரு காப்பியத்தைப் படித்துவிடக் கூடுமாயின், அது சிலப்பதிகாரமே. கடலாடு காதையில் மாதவி தன் கூந்தலைப் பேணும் பகுதி தமிழ்ப் பெண்டிரின் ஒப்பனைக்கு ஓர் ஆவணம். பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஆகியன ஊறிய நீரில் கூந்தலை ஆட்டுகிறாள், புகையில் புலர்த்துகிறாள், வகை வகையாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள். கூட்டிப் பார்த்தால் 47 பொருள்கள். பின்னர்த் தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் முதலிய தலைக்கோலங்களை அணிகிறாள். இத்தனையும் ஊடியிருந்த கோவலனை மகிழ்விப்பதற்காக. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலோ, கண்ணகியின் கூந்தல் நெய்யணியை மறந்து கிடக்கிறது. ஒருத்தியின் கூந்தல் ஒருவனுக்காக மணக்கிறது. மற்றொருத்தியின் கூந்தல் அவன் வராமையால் வறள்கிறது. இரண்டும் அவனையே நோக்கியிருக்கின்றன.

பாண்டியன் அவையில் விரித்த கூந்தலோடு வந்து நிற்கும் கண்ணகியின் கோலம் வேறு. அது எவரையும் மகிழ்விக்க அமைந்ததன்று. சிலம்பு சான்றாகும் முன்பே அந்தக் கூந்தல் வழக்குரைக்கத் தொடங்கிவிடுகிறது. வரந்தரு காதையில், மாதவி தன் மகள் மணிமேகலையின் மாலை சூடிய குழலைக் களைந்து, அவளை அறநெறியில் செலுத்திய செய்தி வருகிறது. தன் குலத்தார் கோலம் தன் மகளுக்கு வேண்டா என்பது அவள் துணிவு. நாற்பத்தேழு பொருளிட்டுப் பேணிய கூந்தல் மரபை ஒரு தாய் தன் கையாலேயே முடித்துவைக்கிறாள். 'முடித்தல்' என்னும் சொல்லுக்குக் கட்டுதல், முடிவுசெய்தல் என்னும் இரு பொருளும் இருப்பது இங்கு எண்ணத்தக்கது. எனினும், அத்துணிவு தாயுடையது. மகளைக் கேட்டதாக இளங்கோவடிகள் அங்குக் கூறவில்லை.

கேளாமல் களைந்த கூந்தலின் வரலாறு நெடியது. கணவனை இழந்த மகளிர் கூந்தல் கொய்து கைம்மை நோற்றமை புறநானூற்றில் பதிவாகியுள்ளது. சில குடிகளில் கைம்பெண்ணின் தலையை மழிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. அப்பெண்களுட் பலர் சிறுமியர். கத்தியின் முன் அமர்த்தும்போது அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்டிலர். அதே நூற்றாண்டில்தான், பெண்கள் கூந்தலைக் குறைத்துக்கொள்ள வேண்டும் எனப் பெரியார் வலியுறுத்தினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேற்றுமை வேண்டுவதில்லை என்பது அவர் வாதம். பழனியிலும் சமயபுரத்திலும் வேண்டுதலை நிறைவேற்ற முடி காணிக்கை தருவோர் இன்றும் வரிசையில் நிற்கின்றனர். மூன்றிலும் முடி இழக்கப்படுகிறது, மூன்றும் ஒன்றல்ல. தலைக்கு உரியவரின் இசைவோடு கத்தி எடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

இது பெண்டிர்க்கு மட்டும் உரிய செய்தி என்று ஆடவர் அமைதி கொள்ள வேண்டா. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பாண்டியனின் பெயரிலேயே குடுமி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சென்ற ஆடவர் பலர் குடுமியைக் களைந்து 'கிராப்பு' வைத்துக்கொண்டனர். பல வீடுகளில் அது பெருங்கலகமாயிற்று. அதற்குச் சற்று முன்னரே ஒரு கவிஞர் அதனைச் செய்துவிட்டார். 1898-இல் தந்தையை இழந்து காசிக்குச் சென்ற பாரதி, அங்கே குடுமியை நீக்கி, மீசை வளர்த்து, தலைப்பாகை கட்டிக்கொண்டார் என்பர். உறவினர் அதனை உவக்கவில்லை. ஆனால், இன்று அந்த மீசையும் தலைப்பாகையும் இன்றிப் பாரதியை எவரால் நினைக்க முடியும்? ஓர் இளைஞன் தன்மீது செய்துபார்த்த சோதனை, ஒரு மொழியின் நினைவில் நிலைத்த முகமாகிவிட்டது.

காலம் மேலும் ஒரு சுற்றுச் சுற்றிவந்திருக்கிறது. குடுமியைக் களைந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று தோள்வரை முடி வளர்த்து உச்சியில் கொண்டை முடிகின்றனர். அன்று களைந்தமைக்கு வருந்திய வீடு, இன்று வளர்ப்பதற்கு வருந்துகிறது. வடிவம் ஏறத்தாழ ஒன்றே; ஆனால், மூதாதையின் குடுமி அவர் பிறந்த குலத்தைச் சொன்னது; இவ்விளைஞனின் கொண்டை அவன் விருப்பத்தைச் சொல்கிறது.

பழைய கோலங்கள் முற்றும் அழிந்துவிடவில்லை. பரதநாட்டிய மேடையிலும் திருமண மேடையிலும் ராக்கொடி, சடைநாகம், குஞ்சலம், சூரியப்பிரபை, சந்திரப்பிரபை ஆகியன இன்றும் வாழ்கின்றன. தைத்து வைத்த பூச்சடையைக் கொணர்ந்து பொருத்திவிடுவோரும் உளர். காலையில் ஏறிய சடை மாலையில் இறங்கிவிடுகிறது. இதில் குறை காண்பதற்கில்லை. விழாவுக்கு அது அழகே. ஆயினும், விழாக்கோலமாக எஞ்சுவதும், ஒருவர் நாள்தோறும் வாழும் கோலமாக மீள்வதும் வேறு வேறு. முன்னதில் உருவம் மட்டும் திரும்புகிறது. பின்னதில், அவ்வுருவத்தை இன்றைய உடலுக்கும் வயதுக்கும் வேலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் துணிவு வேண்டியிருக்கிறது.

கவிஞர் நிறைந்த இவ்வவையில் இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் கூந்தலுக்கும் கவிதைக்கும் தொழில் ஒன்று. யாப்பு என்பதன் பொருள் கட்டு. தொடை என்பது தொடுக்கப்படுவது. பூவுக்கும் அச்சொல், பாவுக்கும் அச்சொல். 1959-இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியதை ஒட்டிப் புதுக்கவிதை வேரூன்றியபோது, தமிழ்ப் பா தன் கட்டை அவிழ்த்துவிட்டது என மகிழ்ந்தவரும் உண்டு. கட்டவிழ்ந்தது என வருந்தியவரும் உண்டு. இன்று புதுக்கவிதையில் தேர்ந்த சிலர் வெண்பாவுக்கு மீள்கின்றனர். அவர்களையும், 'இந்தக் காலத்தில் இது எதற்கு' என்றே உலகம் கேட்கிறது. சீரும் தளையும் பிழையாது அமைந்துவிட்டால் போதும் என்று இருப்பவரின் வெண்பா, பொருத்திய பூச்சடை போன்றது. தன் காலத்துப் பொருளைச் சொல்ல இதுவே ஏற்ற கட்டு என்று தேர்ந்தவரின் வெண்பா உயிருடையது. இதற்கும் வழிகாட்டி பாரதியே. ஒளவையாரின் ஆத்திசூடி வடிவத்தை எடுத்து, தம் காலத்துக்குரிய அறங்களை அதில் வைத்துப் 'புதிய ஆத்திசூடி' செய்தார். குடுமியைத் துறந்த அதே கவிஞர், வேண்டிய பழமையை வேண்டியபோது எடுத்து முடிந்துகொண்டார். துறந்ததும் எடுத்ததும் அவர் தேர்வு.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கூந்தல் என்றதும் கார்முகிலைத் தேடி ஓடும் பழக்கம் இன்னும் நீங்கவில்லை. நரைத்த கூந்தலுக்கும், உதிர்ந்து மீண்டும் முளைத்த கூந்தலுக்கும் உவமை தேடுவோர் அரியர். நரையில்லாமைக்குக் காரணம் கூறிய பிசிராந்தையார் பிறந்த மொழியில், நரையின் அழகு பாடப்பெறாமல் இருப்பது குறையே. முகிலைப் பாடியது போதும். முடிக்கும் கையைச் சற்றே நோக்கலாம்.

கண்ணாடி முன் நின்ற பெண்ணிடம் மீண்டும் வரலாம். அவள் சவுரியை எடுக்கவில்லை. முயற்சியைக் கைவிடவும் இல்லை. இருக்கும் முடியை ஒருபுறமாக வாரி, எலுமிச்சை அளவில் ஒரு சிறு கொண்டை முடிகிறாள். நரையிழைகள் வெளியே தெரிகின்றன. முன்பு நான்கு முழம் சூடிய இடத்தில் அரை முழம் மல்லிகை போதுமானதாயிற்று. இது படத்தில் இருந்த கொண்டை அன்று. அன்றைய கொண்டையைத் திருமண நாளில் யாரோ முடித்துவிட்டார்கள். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அவளை எவரும் கேட்கவில்லை. இன்றைய கொண்டை அவளே முடித்தது. வேண்டாவிடின் நாளை அவளே அவிழ்ப்பாள்.

பழமைக்கு மீள்வது என்பது இவ்வாறு அமையுமாயின், அது பின்னோக்கிய நடை ஆகாது. இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டும், கட்டவும் அவிழ்க்கவும் உரிமையுள்ள கைகளால் அமைக என வாழ்த்தி இவ்வுரை நிறைவுறுகிறது.