கடைசி இடம் யாருக்கு?

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகு முன்பேர வணிகம் 1957 முதல் பல ஆண்டுகள் கூவியே நடைபெற்றது. குரல் வலியவரும் கை விரைந்தவரும் வென்றனர். பிற்காலத்தில் கூவல் அடங்கி, பேரம் கணிப்பொறித் திரைக்கு மாறிற்று. வணிகத்தில் முந்தியவர் பெறுவது முறையாயிருக்கலாம். கல்விக்கும் அது தகுமா?

கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு 2024இல் தொடங்கிற்று. முதன்மைப் பாடத்துடன் துணைப் பாடங்களையும் மாணவர் தாமே தெரிந்தெடுக்கலாம். வகுப்பில் இத்துணை பேர்தாம் என்ற வரையறையும் உண்டு. இத்தகைய பதிவை ஒரு குறித்த மணிக்குத் திறந்தால், ஆயிரக்கணக்கானோர் ஒரே கணத்தில் வந்து மோதுவர். கணிப்பொறிகளைப் பெருக்கினால் போதாதா என்று கேட்கலாம். ('சர்வர்' என்பதை 'வழங்கி' என்று எழுதுவது நம் அலுவலக வழக்கம், இங்கே கணிப்பொறி என்றே சொல்வோம்.)

பாடப் பட்டியலைக் காட்டும் வேலையைப் பல பொறிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். பட்டியலுக்குப் பத்துப் படிகள் இருப்பினும் கெடுதலில்லை. எஞ்சிய இடங்களின் கணக்கோ அப்படியன்று. ஒரே இடத்தை இரு பொறிகள் இருவருக்கு வழங்கிவிட்டால் என் செய்வது? ஆகவே ஒரு பாடத்தின் கணக்கை ஓரிடத்திலேயே வைத்து, வரும் வேண்டுகோள்களை வரிசையில் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். இடையில் இணைப்பு அறுந்து மாணவர் மீண்டும் பொத்தானை அழுத்தினால் இரட்டைப் பதிவு விழாதபடி, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் எண் இடவேண்டும். மழைக்காலத்து மட்டாஞ்சேரியில் இது சிறு செய்தியன்று!

இவ்வளவு செய்தும், விரைவான இணைப்புள்ள வீட்டுப் பிள்ளைதான் முந்தும். இக்குறையைப் பொறி தீர்க்காது. முறைதான் தீர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பொறியியற் கலந்தாய்வில் அதற்கு வழி கண்டிருக்கிறார்கள். முன்னாளில் அதற்காகச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருந்தது. 2018இல் அது இணையத்துக்கு வந்தது. வெளிமாநிலத்தில் பயின்ற தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் பிறப்பிடச் சான்றிதழ் இணைத்து வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். மாணவர்களைத் தரவரிசைப்படி சில சுற்றுகளாகப் பிரிக்கின்றனர். கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் எழுதிவைக்க ஒவ்வொரு சுற்றினருக்கும் சில நாள் அவகாசம் உண்டு. கெடு முடிந்த பின்னரே ஒதுக்கீடு. முதல் நாள் எழுதியவருக்கும் கடைசி நாள் எழுதியவருக்கும் வேற்றுமை இல்லை. மதிப்பெண், பிறந்த தேதி முதலிய யாவும் ஒத்திருந்தால், முன்னரே வழங்கிய சமவாய்ப்பு எண் முடிவு செய்கிறது.

முந்துவதால் பயனில்லை என்று தெரிந்தபின் மோதுவார் யார்? கூட்டம் பல நாட்களில் பரவிவிடுகிறது; பொறியின் சுமையும் தணிகிறது. கடைசி மாலையில் சற்று நெரிசல் வரத்தான் செய்யும், நம்மவர் வழக்கம் அது!

துணைப் பாடங்களை முந்தியவர்க்கே என்று வழங்கும் கல்லூரி எதுவாயினும், அங்குப் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இம்முறையை எடுத்துச் சொல்லலாம். ஒரு வாரம் விருப்பங்களை வாங்கி வைத்து ஓரிரவில் ஒதுக்கித்தர, ஒரு கல்லூரிக்குச் சாதாரணக் கணிப்பொறி ஒன்றே போதும்.