படம் இருக்கட்டும், படிங்க மாமா

போன வாரம் என் தங்கை மகள் தன் போனை என்னிடம் நீட்டினாள். துணை தேடும் செயலி ஒன்றில் தன்னைப் பற்றிப் போட்டிருந்தாள். "படம் நல்லா இருக்கும்மா" என்றேன். "படம் இருக்கட்டும், எழுதினதைப் படிங்க மாமா" என்றாள். நாலே வரி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினாளாம்.

அவளிடம் சொல்ல மனம் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன். 'ஓகே கியூபிட்' என்ற அமெரிக்கத் தளம் ஒருமுறை சிலருடைய பக்கங்களைப் பாதி நேரம் எழுத்தோடும், பாதி நேரம் வெறும் படமாகவும் காட்டிப் பார்த்தது. பார்த்தவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமில்லை. எழுத்தின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே என்று 2014-இல் அவர்களே வெளியிட்டார்கள்.

முகத்தை எடைபோட எவ்வளவு நேரம் வேண்டும்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ், டொடோரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நொடியில் பத்தில் ஒரு பங்கே போதுமாக இருந்தது. அதற்குள் 'இவரை நம்பலாம், இவரை நம்பக்கூடாது' என்று மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தாலும் தீர்ப்பு அவ்வளவாக மாறுவதில்லை. 'நான் நினைத்தது சரிதான்' என்ற பிடிவாதம்தான் ஏறுகிறது.

இது தெரிந்துதானோ என்னவோ, ஆளாளுக்குக் கொஞ்சம் பூச்சு வேலை. நியூயார்க்கில் இணையத்தில் துணை தேடிய 80 பேரை வேறு ஆய்வாளர்கள் வரவழைத்து, டேப்பால் உயரம் அளந்து, எடை மெஷினில் ஏற்றி, டிரைவிங் லைசென்ஸில் வயதைச் சரிபார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் ஏதாவது ஒன்றில் புளுகியிருந்தார்கள். ஆண்கள் உயரத்தைக் கூட்டினார்கள், பெண்கள் எடையைக் குறைத்தார்கள். பெரும்பாலும் சில்லறைப் புளுகுதான். நேரில் பார்த்தால் சட்டென்று பிடிபடாது. ஜாதகத்தோடு அனுப்பும் போட்டோவுக்கு ஸ்டூடியோவில் டச்சப் செய்து வாங்கிய ஆட்கள் நாம், இதற்குப் போய் முகம் சுளிப்பானேன்?

அதே ஓகே கியூபிட், 2013 ஜனவரி 15 அன்று, எல்லாருடைய படத்தையும் ஏழு மணி நேரம் மறைத்து வைத்தது. கூட்டம் குறைந்தது. ஆனால் வந்தவர்கள் முதல் செய்திக்குப் பதில் போடுவது 44 சதவீதம் கூடியது. பேச்சு ஆழமாகப் போயிற்று. தொடர்பு விவரங்கள் சீக்கிரமே கைமாறின. மாலை நாலு மணிக்குப் படங்கள் திரும்பி வந்தன. அந்த நேரத்தில், முகம் தெரியாமலே தொடங்கிய பேச்சின் நடுவில் 2,200 பேர் இருந்தார்கள். அந்தப் பேச்செல்லாம் அப்படியே கரைந்து போயிற்று.