உங்கள் பெயருக்கும் ஓர் அர்ச்சனை

(நவராத்திரி மகளிர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குச் சென்று, அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். கணவர், மகன், மகள், மாமியார் என்று எல்லாருடைய பெயரையும் ராசி நட்சத்திரத்தோடு மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க பேரு, நட்சத்திரம் சொல்லலியேம்மா?" என்றார். பெயரைச் சொல்லிவிட்டேன். நட்சத்திரம் சட்டென்று வாய்க்கு வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

அப்போது எனக்கு வயது 49. அதே ஆண்டில்தான் என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் அவரால் பழையபடி நடக்க முடியவில்லை. எலும்புகள் மிகவும் மெலிந்திருந்ததாக டாக்டர் சொன்னார். எத்தனையோ ஆண்டுகளாக இருந்த கால்வலியை அவர் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. படுக்கையில் இருந்தபடி ஒருநாள் சொன்னார்: "யாருக்கும் பாரமா இருக்கக்கூடாதுன்னுதான் எதையும் சொல்லல. கடைசியில பாரமாத்தானே ஆயிட்டேன்."

சகோதரிகளே, அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. தன்னை மறந்து பிறரைக் கவனிப்பதே தியாகம் என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். அந்த எண்ணத்தில் ஒரு பிழை இருக்கிறது என்பதை என் தாயாரின் கட்டிலருகே உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

இன்று நவராத்திரி நாள். முதல் மூன்று நாள் துர்க்கைக்கு, அடுத்த மூன்று நாள் இலட்சுமிக்கு, இறுதி மூன்று நாள் சரஸ்வதிக்கு என்று வழிபடுவது மரபு. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வலிமை, பிறகு குடும்ப வளம், பிறகு அறிவு. நாமோ இலட்சுமியின் மூன்று நாளை மட்டும் ஆண்டு முழுவதும் கொண்டாடுகின்றோம். மற்ற இருவரையும் கொலுப்படியில் வைப்பதோடு சரி.

முதலில் துர்க்கை. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் நம் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. அதனால் எலும்பு வேகமாக மெலிகிறது, இடுப்பைச் சுற்றிச் சதை போடுகிறது, உறக்கம் கெடுகிறது. தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பெலும்பு முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் அந்த அபாயம் கூடுதல். ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மருந்து எளியது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. வேகமாக நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். கைப்பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், இதுவும் பயிற்சிதான். தைப்பூசத்தன்று பால்குடம் சுமந்து சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை வரை நடக்கும் கால்களுக்கு, மற்ற நாள்களில் அரைமணி நேர நடை முடியாத காரியமா?

சிங்கப்பூரில் 2023-ல் தொடங்கிய 'ஹெல்த்தியர் எஸ்ஜி' திட்டத்தில், 40 வயதைக் கடந்தவர்கள் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிந்துகொண்டு உடல்நலத் திட்டம் வகுத்துக்கொள்ளலாம். 50 முதல் 69 வயது வரை உள்ள பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள், விரதம் இருக்குமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்து இலட்சுமி. குடும்பத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் நடக்கத் தொடங்கிய இரண்டாம் வாரமே மகனுக்குத் தேர்வு வந்தது, நடையை நிறுத்திவிட்டேன். தேர்வு எழுதியவன் அவன், நின்றது என் நடை! மீண்டும் தொடங்கியபோது வீட்டாரை உட்காரவைத்துப் பேசினேன். செவ்வாய், சனி மாலைகளில் சமையல் கணவர் பொறுப்பு. முதலில் சாம்பாரில் உப்பு கூடியது. இப்போது என்னைவிட நன்றாகவே வைக்கிறார். பாத்திரத்தில் மிஞ்சியதை வீணாக்கக்கூடாது என்று நானே சாப்பிட்டுத் தீர்க்கும் வழக்கத்தையும் விட்டேன். அளவாகச் சமைப்பதும் சிக்கனந்தானே?

இறுதியாகச் சரஸ்வதி. சிறுமியாய் இருந்தபோது தேவாரம் பாடக் கற்றேன். திருமணத்திற்குப் பின் அது நின்றுபோனது. 50 வயதில் மீண்டும் திருமுறை வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். அம்மா, அண்ணி, அத்தை என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறு யாருடைய பெயரோ என்று தோன்றியது. இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் கை தூக்கினேன். அந்தக் கணத்தை என்னால் மறக்க முடியாது.

உள்ளே இறைவன் குடியிருப்பதை அறிந்தபின் இந்த உடம்பைப் பேணிக் காத்ததாகத் திருமூலர் சொல்கிறார். இத்திருக்கோயிலின் திருப்பணிக்கு மனமுவந்து கொடுக்கும் நாம், அவர் சொன்ன அந்தக் கோயிலைப் பழுது பார்க்காமல் விடலாமா?

என் தாயார் இப்போது நம்மிடையே இல்லை. அவர் பெயருக்கு நான் செய்யும் மோட்ச அர்ச்சனையைவிட, அவர் காலத்தில் ஒருமுறை கால்வலியைப் பற்றி விசாரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆகவே இங்குள்ள ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு விண்ணப்பம்: உங்கள் தாயாரின் நட்சத்திரம் எது, மனைவியின் நட்சத்திரம் எது என்று இன்றிரவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியே முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

சகோதரிகளே, இன்று அர்ச்சனைச் சீட்டைக் கொடுக்கும்போது எல்லார் பெயரையும் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்பாள் அருள் அனைவருக்கும் உண்டாகுக.