மண்வெட்டியும் எழுதுகோலும்
(வெள்ளிவிழாச் சொற்பொழிவு)



பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானிய அறிஞர் ஜாகோர் தோண்டினார். பின்னர் அலெக்சாண்டர் ரீ ஆய்ந்தார். சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல் ஏறத்தாழ 3200 ஆண்டுகள் பழமையானதென 2021-இல் அறிவிக்கப்பெற்றது. அகழாய்வுக் குழிகளில் மண்வெட்டி பிடிப்போர் பெரும்பாலும் உள்ளூர்க் கூலித் தொழிலாளரே. அறிக்கைகளில் அவர்தம் பெயர்களைக் காண்பது அரிது. மண்ணை நன்கறிந்த நம் கைகள் எழுதுகோலும் பிடித்தல் வேண்டும்.

வரலாற்றிலோ தமிழிலோ முதுகலை பயின்று, தமிழ்நாடு தொல்லியல் துறையின் ஈராண்டுப் பட்டயப் படிப்பை நாடுங்கள். தொடக்கத்தில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் பருவகாலத்தது. அகழாய்வு நின்ற மாதங்களில் கை வறளும். ஆகவே வீட்டுக் கொல்லையில் தக்காளி நடுங்கள். நாற்று நட்ட மூன்று மாதங்களுக்குள் பழம் பறிக்கலாம்.

அச்செடி ஒரு பாடமுமாகும். தக்காளி தென்னமெரிக்காவில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக நம் நாடு வந்தது. பழந்தாழிக்குள் அதன் விதை கிடைப்பின், அம்மண்ணடுக்கு பிற்காலத்தில் கலைந்ததென்றே கொள்ளல் வேண்டும். எருவிட்ட மேல்மண்ணும் அடிமண்ணும் நிறத்தால் வேறுபடுவதைக் கொல்லையிலேயே கண்டு பழகுங்கள்.

பிறர் வரலாறு எழுத நாம் மண் சுமந்தது போதும். இனிவரும் அறிக்கைகளில் நம் பிள்ளைகளின் பெயரும் இடம்பெறுக!